கண்ணாடிக்கு உட்பக்கம்

துடைக்கத் துடைக்கக் கறை போகவில்லை. வெர்னாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல்தான். வினிகர் கலந்த தண்ணீர், கசக்கிய செய்தித்தாள், கடைசியில் தன் ஏப்ரனின் நுனி என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பந்து விட்டு ஆடும் பின்பால் மெஷினின் நீளக் கண்ணாடி பளபளவென்று மின்னியது. நடுவில் அந்தக் கை மட்டும் அப்படியே இருந்தது. ஒரு உள்ளங்கை, விரித்து வைத்த ஐந்து விரல்கள். குனிந்து பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கறை வெளிப்பக்கம் இல்லை, உட்பக்கம்.

"கண்ணாடிக் கடைக்காரன் வேலை," என்று வாய்விட்டுச் சொன்னாள். தனியாக இருக்கிறவர்களுக்கு வாய்விட்டுப் பேசுகிற பழக்கம் தானாக வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கண்ணாடியை இரண்டு பக்கமும் கழுவியது அவள்தான். பருத்திக் கையுறை போட்டு, ஓரங்களை மட்டும் பிடித்து மெஷினில் செருகியதும் அவள்தான். அதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று முடிவு செய்தாள். முன்பக்கத்துக் கம்பியைக் கழற்றி, கண்ணாடியைப் பாதி இழுத்து, உட்பக்கம் ஒரு முறை துடைத்தாள். கறை போய்விட்டது. துணியில் லேசாக ஈரம் இருந்தது.

எமில் உயிரோடு இருந்திருந்தால் பழியை அவன் தலையில் போட்டிருக்கலாம். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் எந்தக் கறைக்கும் அவன்தான் காரணம். ஆனால் எமில் அக்டோபரிலேயே போய்விட்டான். இதே நிலவறையில், இந்த மெஷினுக்குப் பக்கத்தில், மார்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையில் ஒரு பையைக் கொடுத்தார்கள். பர்ஸ், சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையிலிருந்த ஒரு அட்டைத் தீப்பெட்டி. சிகரெட்டை விட்டு எத்தனையோ காலமாயிற்று, தீப்பெட்டி எதற்கு என்று அன்றைக்கு அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தத் தீப்பெட்டியின் சிவப்பு அட்டையில் ஒரு மூலை கிழிந்திருந்ததையும் பெரிதாக நினைக்கவில்லை. புருஷன் செத்த அன்றைக்கு யார் தீப்பெட்டியைப் பார்ப்பார்கள்?

மெஷின் சிசரோ ஊர்ப் பக்கம் மூடப்பட்ட ஒரு சாராயக் கடையிலிருந்து வந்தது. பெயர் 'லேக் பிரின்சஸ்'. செங்குத்தாக நிற்கும் பெட்டியின் கண்ணாடியில் ஒரு ஏரி, நிலா, கரையில் ஆடும் ஜோடிகள் எல்லாம் வரைந்திருக்கும். பின்னாலிருந்து பல்பு எரிந்தால் ஏரித் தண்ணீர் நிஜமாகவே அசைகிற மாதிரி தெரியும். எமிலும் அடுத்த வீட்டு ஓட்டோவும் அதைப் படியில் இறக்கிய அன்றைக்கு அவர்கள் சொன்ன வசவுகளைப் பாதிரியார் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே மயங்கி விழுந்திருப்பார். அந்தக் காலத்து மெஷின். உள்ளே கணினிச் சில்லு கிடையாது. கம்பியும், மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும் ரிலேயும், பல்சக்கரமும் மணியும்தான். வெர்னாவுக்கு அது அந்நிய உலகம் இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்து ஓய்வு பெறும் வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலேக்களுக்கு நடுவில்தான் அவள் வாழ்ந்தாள். "எமிலுக்கு மெஷினைப் பிடிக்கும், மெஷினுக்கு வெர்னாவைத்தான் பிடிக்கும்," என்று ஓட்டோ கேலி செய்வான்.

மகள் லோரீன் ராக்ஃபோர்டில் இருந்தாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்பாள். வெர்னாவும் ஒத்துக்கொண்டுவிட்டாள், ஒரே ஒரு நிபந்தனையோடு.

"உங்க அப்பா தொடங்கினத முடிச்சிட்டு வர்றேன். பாதியில போட்டுட்டு வர மனசு வரல."

"அது ஒரு விளையாட்டுப் பெட்டிம்மா, சர்ச் கோபுரம் இல்ல."

"எனக்கு அதுவும் இதுவும் ஒண்ணுதான், போ."

பனிக்காலம். நாலரை மணிக்கே வெளிச்சம் செத்துவிடும். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் ஒரு மூலையில் உறுமிக்கொண்டிருக்க, துணி துவைக்கும் மெஷின் இன்னொரு மூலையில் சுற்ற, சோப்பும் ஈரச் சிமெண்டும் எமிலின் பழைய எண்ணெய்க் கந்தலும் கலந்த வாசனைக்கு நடுவே அவள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ரிலேயாக, ஒவ்வொரு தொடுமுனையாகச் சுத்தம் செய்தாள். வெடித்துப்போன ரப்பர் வளையங்களை மாற்றினாள். அந்த வேலையில் இருக்கும்போது மட்டும்தான் வீடு காலியாகத் தோன்றவில்லை.

அப்படி வேலை செய்தபோதுதான் இரண்டு விஷயங்களைக் கண்டாள். முதலாவது, டில்ட். மெஷினைத் தள்ளி யாரும் ஏமாற்றக்கூடாது என்று உள்ளே ஒரு ஊசல் தொங்கும், அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். மெஷினை உலுக்கினால் ஊசல் வளையத்தில் படும். உடனே டில்ட், அந்த ஆளின் முறை அத்தோடு முடிந்தது. எமில் அந்த ஊசலை வளையத்தோடு ஒட்டி உரசுகிற மாதிரி வைத்திருந்தான். பக்கத்தில் நின்று தும்மினால்கூட ஆட்டம் நின்றுவிடும். "இப்படி வச்சா எந்த மனுஷன் ஆடறது?" என்று சொல்லி, வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதைப் போல, ஊசலைக் கழற்றி ஒரு காபி டப்பாவில் போட்டாள்.

இரண்டாவது, ஒரு அட்டைத் துண்டு. லேக் பிரின்சஸ் இருவர் ஆடும் மெஷின். தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒருவர், இன்னொருமுறை அழுத்தினால் இரண்டாவது ஆட்டக்காரரும் சேர்வார். அப்புறம் மாற்றி மாற்றி ஆட வேண்டும். அந்த இரண்டாவது ஆளைச் சேர்க்கும் ரிலேயின் தொடுமுனைகளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு சின்ன அட்டை செருகியிருந்தது.

வெர்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அது எக்ஸ்சேஞ்ச் வித்தை. ஒரு லைனைச் சோதிக்கும்போது மட்டும் அதைச் செத்த மாதிரி வைக்க வேண்டுமென்றால் தொடுமுனைக்கு நடுவில் காகிதம் செருகுவார்கள். எமிலுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான், ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில், அவன் நெட்லிக்கி மாவுருண்டையும் முட்டைக்கோஸும் மென்றுகொண்டிருக்கும்போது. ஆனால் அதற்கு ஒரு சட்டமும் உண்டு. வைத்தவர் ஷிஃப்ட் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். மறந்து போனால் மறுநாள் முழுக்க மானம் போகும். எவளாவது, எவனாவது வைத்துவிட்டுப் போன காகிதத்தைப் பார்த்தால் எக்ஸ்சேஞ்ச் ஆட்களுக்குக் கை தானாகப் போகும்.

"எடுக்க மறந்துட்டியேடா, பாவி," என்று சொல்லி வெர்னா அந்த அட்டையை உருவி ஏப்ரன் பையில் போட்டாள். ஏப்ரன் அன்றைக்கே துவைக்கப் போனது.

அட்டையை உருவிய ரிலே வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பொத்தானை இரண்டு முறை அழுத்தினாள். எண் சக்கரங்கள் கடகடவென்று சுழன்று பூஜ்யத்தில் நின்றன. முதல் பந்தை அவள் ஆடினாள். அது சீக்கிரமே உள்ளே விழுந்தது. ஏரிக்கு மேலே '2' என்ற எண் எரிந்தது. இரண்டாவது ஆளின் பந்தையும் அவளே ஸ்பிரிங்கை இழுத்து மேலே அனுப்பினாள். அந்த நேரம் பார்த்துத் துணி உலர்த்தும் மெஷின் அலறியது. எப்படியும் விழப்போகிற பந்துதானே என்று அதை விட்டுவிட்டு, துணிகளை எடுக்கப் போனாள்.

சூடான துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபோது முதுகுக்குப் பின்னால் மணிகள் அடிக்கத் தொடங்கின. டிங். டிங் டிங். பந்து விழுகிற மாதிரி தெரியவில்லை. பந்தைத் தட்டும் துடுப்புகள் இரண்டும் கட், கட் என்று, அவசரமே இல்லாமல், சரியான நேரத்துக்குத் துள்ளும் சத்தம் கேட்டது. இடது ஒருமுறை. வலது ஒருமுறை. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் ஆடுகிற மாதிரி.

அவள் திரும்பினாள். பந்து மெதுவாக உருண்டு வந்து, துடுப்புகள் அசையாமல் நிற்க, நடுவில் விழுந்தது. '2' அணைந்தது. '1' எரிந்தது.

"எங்கயோ ஷார்ட் ஆகுது," என்றாள். அரை மணி நேரம் தேடினாள். எங்கும் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு அது போதும், தூக்கம் போவதற்கு.

மறுநாள்தான் கண்ணாடியில் அந்த ஐந்து விரல்.

பயந்தாளா என்றால் பயந்தாள். ஆனால் தனிமை மனுஷரை எதற்கும் பழக்கிவிடும். கறையைத் துடைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, பயத்தைப் போக்க மெஷினோடு பேச ஆரம்பித்தாள். நேற்று இரண்டாவது ஆள் ஆடியதைப் பற்றி அவளே கேலி செய்தாள்.

"நேத்து ஆடினது நீயா இருக்க முடியாது எமில். நீ என்னிக்கு அவ்வளவு நல்லா ஆடினே? ஃபவுண்டரியில இடது கை ஆள்காட்டி விரலைக் குடுத்துட்டு வந்தவன், அந்தப் பக்கம் கை லேட்டா வரும்னு பயந்து ரெண்டையும் சேர்த்துச் சேர்த்து அடிப்பே. தட்டு தட்டுன்னு. எதிர்வீட்டு நாய் கூடக் குரைக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். அன்று சாயங்காலம் மறுபடி இருவர் ஆட்டம் போட்டாள். இரண்டாவது ஆளின் பந்தை மேலே விட்டுவிட்டு, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் நின்றாள்.

தட். தட். தட். இரண்டு துடுப்பும் சேர்ந்தே துள்ளின. ஒரே நேரத்தில், முரட்டுத்தனமாக.

மறுநாள் காலையில் கண்ணாடியின் உட்பக்கத்தில் புதிய கை இருந்தது. இடது கை. ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் புள்ளி மட்டும், அடிக்கட்டை.

வெர்னா தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். யார் என்ன சொன்னாலும் சரி, அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அந்த வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை. அந்தக் கையை அவள் துடைக்கவில்லை. தன் உள்ளங்கையை வெளிப்பக்கத்தில் அதன் மேல் வைத்தாள். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே எரியும் பல்புகளின் சூடுதான் என்று யாராவது சொல்லலாம். மெஷின் அப்போது எரியவில்லை.

அப்புறம் வந்த சாயங்காலங்கள் எல்லாம் ஒரே மாதிரி போயின. தட்டில் சீமைச் சோம்பு போட்ட ரொட்டியும் ஒரு துண்டு பன்றிக்கறியும் எடுத்துக்கொண்டு கீழே போவாள். ஒரு பந்து அவள் ஆடுவாள், ஒரு பந்து அவன் ஆடுவான். நடுவில் எல்லாவற்றையும் சொல்வாள். கல்யாணத்தன்று பெய்த மழை, லோரீனுக்கு வந்த முதல் காய்ச்சல், எமில் அவளை 'மெஷின்காரி' என்று கூப்பிடுவது, அவன் காபியில் போடும் மூன்று சர்க்கரை, அவன் நடக்கும்போது இடது காலை இழுப்பது. எமில் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. கண்ணாடியின் உட்பக்கம் லேசாக ஆவி படர்ந்திருக்கும், யாரோ முகத்தை ஒட்டிவைத்துக் கேட்கிற மாதிரி. கொஞ்ச நாளில் ஸ்பிரிங்கை இழுக்கக்கூட அவள் தேவைப்படவில்லை. அது தானாகப் பின்னால் போகும், தானாக விடும்.

லோரீன் போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை.

"அம்மா, வீடு பார்க்க ஆள் வந்தாங்களாம், நீங்க கதவே திறக்கலையாம். என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

"நான் வரலடி. இங்கேயே இருக்கேன்."

"தனியாவா?"

வெர்னா போனைக் காதில் வைத்தபடி நிலவறைக் கதவைப் பார்த்தாள். மகள் அந்தப் பக்கம் மூச்சுவிடுவது கேட்டது.

"எல்லாம் அந்தப் பெட்டியால," என்றாள் லோரீன், கொஞ்சம் இறங்கிய குரலில். "போன கோடையில நான் வந்தப்போ ரெண்டு பேரா ஆடலாம்ப்பான்னு கேட்டேன். அப்பா முகமே மாறிடுச்சும்மா. 'இதுல ஒருத்தர்தான் ஆடணும். ரெண்டாவது ஆளைக் கூப்பிடாதே'ன்னார். விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சேன். நாளைக்குச் சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு நேரா வர்றேன். உங்களைக் கூட்டிட்டுத்தான் போவேன்."

போனை வைத்த பிறகும் வெர்னா சமையலறையில் நின்றுகொண்டே இருந்தாள். அடுப்பில் காபி கொதித்து வழிந்தது. ரெண்டாவது ஆளைக் கூப்பிடாதே. எமில் எதையும் மறக்கிறவன் இல்லை. பல் தேய்க்கும் பிரஷைக்கூட அதனிடத்தில் வைக்கிறவன். அவன் அந்த அட்டையை எடுக்க மறந்திருப்பானா? மூலை கிழிந்த அந்தச் சிவப்புத் தீப்பெட்டி சட்டைப் பையில் இருந்ததே. அப்படியானால் அவன் கடைசியாக, நெஞ்சு வலித்த அந்த நாளில் செய்த வேலையே அதுதானா?

அப்போது அந்த முதல் கை ஞாபகம் வந்தது. ஐந்து விரல்.

ஐந்து. அவள் ஃபவுண்டரி கதையைச் சொல்வதற்கு முன்பு வந்த கை. சொன்ன பிறகு வந்த கைக்கு நாலு.

வேறு யாரையாவது கேட்கலாம் என்றால் யாரைக் கேட்பது? அவளுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். எக்ஸ்சேஞ்சில் எந்த லைனில் தவறு என்று தெரியாவிட்டால் பொய்யான ஒரு அழைப்பை அனுப்பிப் பார்ப்பார்கள். பொய்க்குப் பதில் வந்தால் அந்த லைன் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அன்று ராத்திரி கீழே போனாள். ரொட்டி எடுத்துப் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உன் விசில் சத்தம் இல்லாம வீடு வீடாவே இல்லை எமில். ஜெயிச்சா விசிலடிப்பியே. அந்தப் போல்கா டான்ஸ் மெட்டு."

எமிலுக்கு விசில் அடிக்க வராது. சின்ன வயசிலிருந்தே வராது. கல்யாண விருந்தில் நண்பர்கள் அவனை மேஜை மேல் ஏற்றி அடி அடி என்று கலாட்டா செய்து, அவன் ஊதி ஊதி வெறும் எச்சிலாகத் தெறித்து, ஊரே சிரித்தது.

கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படர்ந்தது. மெதுவாக. ஒரு உதட்டின் அளவுக்கு. வெர்னா படியேறி வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

விடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பகல் முழுக்கவும் ஒன்றும் கேட்கவில்லை. தான் வீணாகப் பயந்துவிட்டோமோ, பாவம் எமிலைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்றுகூட அவளுக்கு அழுகை வந்தது. இருட்டும் நேரத்தில் குப்பைப் பையைப் பின்சந்துக்கு எடுத்துப் போனாள். ஓட்டோ தன் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மண்வாரியை ஊன்றி நின்று கண்ணடித்தான்.

"என்ன வெர்னா, வீட்ல விருந்தாளியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"யார் விருந்தாளி?"

"மறைக்காதீங்க. உங்க நிலவறை ஜன்னல் வழியா மத்தியானத்துலேருந்து கேட்டுட்டுத்தானே இருக்கேன். அந்த ஆளு பிரமாதமா விசிலடிக்கறார். நம்ம ஆளுங்க போல்கா! நம்ம எமில் இருந்திருந்தா பொறாமையில வெந்திருப்பான்."

குப்பைப் பை அவள் கையிலிருந்து நழுவியது. ஓட்டோ ஏதோ கேட்டான். காதில் விழவில்லை. லோரீன் வருகிற நேரம். அது ஒன்றுதான் தலையில் ஓடியது. லோரீன் இங்கே வரக்கூடாது. அது கீழே இருக்கும்போது லோரீன் வரவே கூடாது.

வீட்டுக்குள் ஓடினாள். லோரீனின் ஆபீஸ் நம்பரைச் சுழற்றினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிளம்பிவிட்டாள். வெர்னா தானியப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்து ஒரு துண்டு எடுத்தாள். நிலவறைக் கதவின் தாழை நீக்கினாள்.

விசில் சத்தம் படிக்கட்டில் ஏறி வந்தது. இனிமையாக, ஒரு சுரமும் பிசகாமல் வந்தது. எச்சில் சத்தமே இல்லை. மூச்சு இழுக்கும் சத்தமும் இல்லை.

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்ததும் விசில் நின்றது.

மெஷின் எரிந்துகொண்டிருந்தது. அவள் போடவில்லை. ஏரி அசைந்தது. கரையில் ஜோடிகள் ஆடினார்கள். '2' எரிந்தது. பந்து உருண்டது, மணிகள் அடித்தன, எண் சக்கரங்கள் தம் கடைசி எண்ணைத் தாண்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து சுழன்றன. தட். தட். இரண்டு துடுப்பும் சேர்ந்தே. பந்து விழவே இல்லை. எத்தனை நேரமாக விழவில்லையோ.

வெர்னா இடுப்பால் மெஷினை இடித்தாள். தள்ளினாள். இரண்டு கையாலும் அறைந்தாள். டில்ட் இல்லை. ஊசல் காபி டப்பாவில் கிடந்தது. அதைப் போட்டவள் அவளேதான்.

சுவருக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஏரி அணைந்தது. மணிகள் நின்றன. தலைக்கு மேலே தொங்கிய ஒற்றை பல்பின் மஞ்சள் வெளிச்சமும், கொதிகலனின் உறுமலும் மட்டும் மிஞ்சின. உள்ளே எங்கோ பந்து ஒரு மரச்சட்டத்தில் முட்டி, கடைசியாக ஒரு முறை உருண்டு, விழுந்தது.

மெஷினின் முன்பக்கச் சின்னக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டாள். இருட்டு. தூசி வாசனை, எரிந்த கம்பி வாசனை. விரலால் தடவித் தடவி அந்த ரிலேயைத் தேடினாள். ஏதாவது அவள் கையைப் பிடிக்கும் என்று ஒவ்வொரு அங்குலத்திலும் எதிர்பார்த்தாள். எதுவும் பிடிக்கவில்லை. உள்ளே குளிர்ந்து, சும்மா இருந்தது. தொடுமுனைகளைக் கண்டாள். அட்டையைச் செருகினாள். எமில் வைத்த அதே இடத்தில், அதே ஆழத்தில்.

"மன்னிச்சுக்கோ," என்றாள். இந்த முறை நிஜ எமிலிடம் சொன்னாள். "நீ மறக்கல. நான்தான் புரிஞ்சுக்கல."

அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். முடிந்தது. லோரீன் வரட்டும். இன்றைக்கே கிளம்பிவிடலாம். இந்தப் பெட்டியை யாராவது கோடரி போட்டுப் பிளக்கட்டும். எழுந்திருக்க மெஷினின் விளிம்பைப் பிடித்தாள். கண்ணாடியில் அந்தக் கை இருந்தது, நாலு விரலோடு. பழக்க தோஷத்தில் ஸ்வெட்டர் கையால் அதன் மேல் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள்.

கறை போய்விட்டது.

ஒரே தேய்ப்பில். ஸ்வெட்டர் கை ஈரமாக இருந்தது.

அவள் அந்த ஈரத்தைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். கம்பியைக் கழற்றவில்லை அவள். கண்ணாடியை இழுக்கவில்லை. துடைத்தது வெளிப்பக்கம்.

கண்ணாடியின் கீழ் விளிம்பில் இன்னொரு கை. மெஷினின் காலில் ஒன்று. சிமெண்டுத் தரையில் ஈரமான பாதங்கள், இடது பாதம் இழுத்த கோட்டோடு. அவை அவளைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. படிக்கட்டு வரைக்கும். படிமேல். அவள் உள்ளே கை விட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது.

மேலே பக்கவாசல் கதவில் சாவி திரும்பியது.

"அம்மா! எங்க இருக்கீங்க? வெளியில என்ன குளிர்!" லோரீனின் குரல். பூட்ஸைத் தட்டும் சத்தம். பையைக் கீழே வைக்கும் சத்தம்.

வெர்னா கத்த வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சமையலறையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. எமிலின் நாற்காலி, அதன் ஒரு கால் எப்போதும் கிறீச்சிடும். ஒரு கரண்டி கோப்பையில் சர்க்கரையைக் கலக்கியது.

கரண்டி நின்றது. மகளின் குரல், ரொம்பச் சின்னதாக, காய்ச்சலில் கிடந்த குழந்தையின் குரலாக வந்தது.

"...அப்பா?"

படிக்கு மேலே கதவு மெதுவாக மூடியது. தாழ் விழுந்தது. கதவுக்கு அடியில் சமையலறை வெளிச்சம் ஒரு கோடாக நின்றது. அந்தக் கோட்டில் இரண்டு ஜோடிக் கால்களின் நிழல். ஒரு ஜோடி அசையாமல். இன்னொரு ஜோடி, இடதை இழுத்து இழுத்து, அதை நெருங்கிக்கொண்டு. விசில் தொடங்கியது.